பழைய டிராக்டரில் ஜெனரேட்டர் ஓட்டுதல்: முதன்முறையாகப் பூட்டுவோருக்கு

2018 நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. உள்ளடங்கிய கிராமங்கள் சிலவற்றுக்கு மின்சாரம் திரும்பி வர வாரக்கணக்கில் ஆயிற்று. அந்த நாள்களில் மேல்நிலைத் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஏற்ற வாடகை ஜெனரேட்டர்கள் வந்தன. அவை கிடைக்காத இடங்களில், கொட்டகையில் நின்றிருந்த டிராக்டரின் பின்னால், சுழற்றினால் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரைப் பூட்டிச் சமாளித்தார்கள். அப்படிச் சமாளித்தவர்களில் நானும் ஒருவன். எங்களிடம் இருப்பது பழைய மாஸி ஃபெர்குசன் 1035 வண்டி; 35 குதிரைத்திறன் அளவிலான மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின் கொண்டது. அதே அளவுள்ள எந்தப் பழைய வண்டியை வைத்திருப்பவருக்கும் கீழே எழுதியிருப்பது பொருந்தும்.

வண்டி பழையது என்று தயங்க வேண்டியதில்லை. எஞ்சின் புகையில்லாமல் ஓடி, ஆயில் பிரஷர் சரியாகக் காட்டினால், நின்ற இடத்தில் ஒரே வேகத்தில் ஓடுவது உழவைவிட அதற்கு எளிய வேலை. தொல்லை வருவது வேறு இரண்டு இடங்களில். ஒன்று, சுழலும் வேகத்தை நிலையாக வைத்திருக்கத் தெரியாமல் மோட்டாரையும் ஃபிரிட்ஜையும் எரித்துக்கொள்வது. மற்றொன்று, ஊர் மின்கம்பியிலிருந்து வீட்டைப் பிரிக்காமல் ஜெனரேட்டரை இணைத்து, எங்கோ கம்பத்தில் ஏறி நிற்கும் ஒருவருடைய உயிரோடு விளையாடுவது. முதலாவது பணநட்டம், இரண்டாவதை ஒரு முறைகூடச் செய்துவிடக் கூடாது.

எவ்வளவு பெரிய ஆல்டர்னேட்டர் வாங்குவது

கடைக்குப் போவதற்கு முன்பே கணக்குப் போட்டுவிடுங்கள். எஞ்சினில் 35 குதிரைத்திறன் என்று எழுதியிருந்தாலும், வெளிக்கருவிகளை ஓட்ட எஞ்சினின் வலுவைத் தரும் பின்புற பி.டி.ஓ தண்டுக்கு வந்து சேர்வது சுமார் 30 மட்டுமே. பல்லாண்டு உழைத்த எஞ்சின் என்றால் 25 என்று வைத்துக்கொள்வது நல்லது. ஒரு கிலோவாட் மின்சாரத்துக்கு பி.டி.ஓவில் 2 குதிரைத்திறன் வேண்டும் என்பது நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் தோராயக் கணக்கு. ஏட்டுக் கணக்குப்படி 746 வாட் ஒரு குதிரைத்திறன்தான் என்றாலும், பெல்ட், கியர், ஆல்டர்னேட்டர் ஆகியவற்றில் போகும் இழப்பும், மோட்டார் கிளம்பும்போது தேவைப்படும் கூடுதல் மூச்சும் அந்த இரண்டுக்குள் அடங்கிவிடுகின்றன. ஆக 25 குதிரைத்திறன் 12 கிலோவாட்டைத் தாங்கும்; கே.வி.ஏ என்பது ஆல்டர்னேட்டரின் அளவைச் சொல்லும் அலகு; அதில் கிலோவாட்டாகப் பயன்படும் பங்கான மின்காரணி 0.8 என்று கொண்டால் 12 கிலோவாட்டுக்கு 15 கே.வி.ஏ ஆல்டர்னேட்டர். பெரிதாக வாங்கினால் பின்னால் உதவும் என்று 25 கே.வி.ஏவைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அதை முழுச் சுமையில் ஓட்டும் வலு இந்த வண்டிக்குக் கிடையாது.

நீங்கள் எதை ஓட்டப் போகிறீர்கள் என்பதையும் எழுதிப் பாருங்கள். விளக்கு, மின்விசிறி, ஃபிரிட்ஜ், அரைக் குதிரைத்திறன் தண்ணீர் மோட்டார் மட்டும் என்றால் 5 கே.வி.ஏ சிங்கிள் ஃபேஸே போதும். வயலில் உள்ள 5 குதிரைத்திறன் மூன்று ஃபேஸ் மோட்டார்தான் குறி என்றால் கதை வேறு. அந்த மோட்டார் ஓடும்போது இழுப்பது ஏறக்குறைய 7.5 ஆம்பியர், ஆனால் நேரடி ஸ்டார்ட்டரில் கிளம்பும் நொடியில் அதைப் போல ஆறு மடங்கு, அதாவது 45 ஆம்பியர் வரை இழுக்கும். 15 கே.வி.ஏ மூன்று ஃபேஸ் ஆல்டர்னேட்டரின் முழு அளவே ஒரு ஃபேஸுக்கு 21 ஆம்பியர்தான். அந்த நொடியில் எஞ்சின் முனகும், விளக்குகள் மங்கும், பிறகு எழுந்து நிற்கும். மோட்டார் அதைவிடப் பெரிதாக இருந்தால் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் வையுங்கள். கிளம்பும் மின்னோட்டம் மூன்றில் ஒரு பங்காகக் குறையும்.

மூன்று ஃபேஸ் ஆல்டர்னேட்டர் வாங்கி வீட்டுச் சுமை முழுவதையும் ஒரே ஃபேஸில் மாட்டுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. 15 கே.வி.ஏ என்பது மூன்றும் சேர்ந்த கணக்கு. ஒரு ஃபேஸிலிருந்து 5 கே.வி.ஏவுக்கு மேல் எடுத்தால் அந்தச் சுருள் மட்டும் காய்ந்து கருகும்.

540ஐ 1500 ஆக்குவது

டிராக்டரின் பி.டி.ஓ நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றுமாறு வகுக்கப்பட்டது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நான்கு துருவ ஆல்டர்னேட்டர் அதைத் தர 1500 சுற்று வேண்டும். எனவே நடுவில் ஏறத்தாழ 2.8 மடங்கு வேகத்தைக் கூட்ட வேண்டியிருக்கிறது. இதற்கு கியர் பெட்டியும் உண்டு, பெல்ட்டும் உண்டு. கியர் பெட்டி வைத்த ஆல்டர்னேட்டர் விலை கூடுதல். ஆனால் வேகம் நழுவாது, இடமும் அடைக்காது. எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் கட்டித் தருவது பெரும்பாலும் பெல்ட் வகைதான், அதனால் அதைப் பற்றியே சொல்கிறேன்.

புல்லியின் விட்டத்தையும் சுற்றையும் பெருக்கினால் இரண்டு பக்கமும் ஒன்றாக வர வேண்டும் என்பதுதான் விதி. பி.டி.ஓ பக்கம் 20 அங்குலப் புல்லி என்றால் 540ஐ 20ஆல் பெருக்க 10,800. அதை 1500ஆல் வகுத்தால் 7.2 அங்குலம் வருகிறது. ஆனால் சுமை ஏறும்போது பெல்ட் நூற்றுக்கு 2, 3 பங்கு நழுவும் என்பதால் 7 அங்குலப் புல்லி போடச் சொல்லுங்கள். நழுவல் இல்லாமல் அது 1543 சுற்று. 3 சதவீதம் நழுவினால் 1497. கணக்கு தெரியாத பட்டறையில் கையிருப்பில் உள்ள புல்லியை மாட்டிவிட்டு, ஆக்சிலேட்டரில் சரிசெய்துகொள்ளச் சொல்வார்கள். அப்படிச் செய்தால் பி.டி.ஓவை 600க்கு மேல் ஓட்ட நேரிடும், அல்லது எஞ்சினை வலு கிடைக்காத தாழ்ந்த வேகத்தில் திணறவிட நேரிடும். இரண்டும் வேண்டாம்; புல்லியை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

பொருத்தும் முறை

கெட்டியான சமதரையில், மழைநீர் தேங்காத இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்துங்கள். வீட்டுச் சன்னலிலிருந்து 20 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். புகை காற்றோடு வீட்டுக்குள் போகாத திசையாகவும் இருக்க வேண்டும். மழைக்கு அஞ்சி, நாலு பக்கமும் அடைத்த கொட்டகைக்குள் வைத்து ஓட்டக் கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு வாசனையில்லாதது. தூங்குகிறவரை எழுப்பாமலே கொன்றுவிடும். ஆல்டர்னேட்டருக்கு மேலே ஒரு தகரக் கூரை, பக்கங்கள் திறப்பு, அவ்வளவு போதும். வைக்கோல் போருக்கு அருகில் நிறுத்த வேண்டாம், பழைய சைலன்சர் சில நேரம் பொறி கக்கும்.

கை பிரேக்கைப் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஆல்டர்னேட்டர் சட்டம் மூன்று புள்ளி இணைப்பில் தொங்குவதாக இருந்தால், தூக்கிய நிலையில் ஹைட்ராலிக்கை நம்பி விடாமல் சட்டத்தைத் தரையில் பாவ இறக்கிவிடுங்கள். பழைய வண்டியின் ஹைட்ராலிக் மெல்ல மெல்ல இறங்கும், இறங்க இறங்கத் தண்டின் கோணம் மாறும். தனியாக நிற்கும் சட்டமாக இருந்தால் அதை வண்டியோடு பிணைத்தாக வேண்டும். சுமை ஏறும்போது சட்டம் தானே திரும்பிக் கவிழப் பார்க்கும்.

ஜாயிண்ட் ஷாஃப்ட்டைப் பூட்டும்போது மூன்றைக் கவனியுங்கள். இரண்டு முனையிலும் உள்ள கவைகள் ஒரே வாட்டத்தில் இருக்க வேண்டும்; மாறியிருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் உதறும், அந்த உதறல் விளக்கில் தெரியும். தண்டு இயன்றவரை நேராக நிற்க வேண்டும். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்கள் மூன்றில் ஒரு பங்காவது உள்ளே பொருந்தியிருக்க வேண்டும். கிரீஸ் வைத்துவிட்டு, மேல் உறை இல்லாமல் ஓட்டவே ஓட்டாதீர்கள். 540 சுற்று என்றால் நொடிக்கு ஒன்பது சுற்று. வேட்டி நுனியோ தோளில் கிடக்கும் துண்டோ சேலை முந்தானையோ அதில் பட்டால், கத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். எங்கள் வீட்டில் வண்டி ஓடும்போது பின்பக்கம் யாரும் போவதில்லை என்பது சட்டம். சுற்றிலும் கயிறு கட்டிவிடுவோம். ஓடும் தண்டைத் தாண்டிப் போவதைப் பெரியவர்களே செய்வதைப் பார்த்திருக்கிறேன், சுற்றிப் போக இருபது எட்டுதான் ஆகும்.

மின்வாரியக் கம்பியிலிருந்து பிரித்தல்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். இரண்டு முனையிலும் பிளக் வைத்த வயரால் ஜெனரேட்டரை வீட்டின் ஏதாவது ஒரு பிளக் பாயிண்டில் செருகி, மெயினை அணைத்துவிட்டோம் என்ற தைரியத்தில் ஓட்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மெயினை அணைக்க ஒரு முறை மறந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். தெருவில் உள்ள மின்மாற்றி 11,000 வோல்ட்டை 433 வோல்ட்டாக இறக்குகிறது. அதே மின்மாற்றி பின்பக்கமிருந்து 400 வோல்ட் கொடுத்தால், அதை 10,000 வோல்ட்டுக்கு மேல் ஏற்றி உயரழுத்தக் கம்பியில் விட்டுவிடும். புயலுக்குப் பிறகு கம்பி செத்துக் கிடக்கிறது என்று நம்பி அதைத் தொட்டு வேலை செய்கிறவர், பல நேரம் வேறு மாவட்டத்திலிருந்து நமக்காக வந்தவர். செருகாத நேரத்தில் அந்த வயரின் மறுமுனைப் பின்களில் மின்சாரம் திறந்து நிற்கும் என்பது இன்னொரு ஆபத்து.

ஆகவே மீட்டருக்கும் வீட்டு விநியோகப் பலகைக்கும் நடுவில் ஒரு சேஞ்ச் ஓவர் சுவிட்ச் கட்டாயம். மூன்று ஃபேஸ் என்றால் நான்கு துருவம், சிங்கிள் ஃபேஸ் என்றால் இரண்டு துருவம். நியூட்ரலும் சேர்ந்து மாற வேண்டும் என்பதற்காகத்தான் அந்தக் கூடுதல் துருவம். கைப்பிடி மேலே இருந்தால் மின்வாரியம், கீழே இருந்தால் ஜெனரேட்டர், நடுவில் இருந்தால் இரண்டும் இல்லை. மறதிக்கு இடமே தராத அமைப்பு. வயல் மோட்டாரின் இலவச மின் இணைப்பிலும் இதையே தனியாக வைக்க வேண்டும். உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு இதைச் செய்யுங்கள். மின்வாரியப் பிரிவு அலுவலகத்திலும் சொல்லிவிடுங்கள்.

ஆல்டர்னேட்டர் பக்கத்தில் 20 ஆம்பியர் நான்கு துருவ எம்.சி.பி (மின்னோட்டம் மிகுந்தால் தானே விழும் சுவிட்ச்), அதை அடுத்து 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி (மின்கசிவு வந்தால் தானே விழும் சுவிட்ச்), அதன் பிறகு 4 அல்லது 6 சதுர மில்லிமீட்டர் செம்பு கேபிள் என்று வரிசை அமையட்டும். எர்த் பற்றி ஒரு வார்த்தை. டிராக்டர் ரப்பர் சக்கரத்தில் நிற்கிறது. அது தானாகப் பூமியைத் தொடுவதில்லை. ஆல்டர்னேட்டர் அருகில் ஜி.ஐ பைப்போ செம்பு பூசிய கம்பியோ ஆழமாக இறக்கி, ஆல்டர்னேட்டர் உடலை இரண்டு தனி எர்த் கம்பிகளால் அதோடு இணையுங்கள். நியூட்ரலையும் அந்த இடத்தில் எர்த்தோடு சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் ஆர்.சி.சி.பி மாட்டியிருந்தும் பயனில்லை, கசிவு வந்தாலும் விழாது. கோடையில் எர்த் குழியில் தண்ணீர் ஊற்ற மறக்காதீர்கள்.

ஓட்டும் முறை

டீசல், ஆயில், ரேடியேட்டர் தண்ணீர் மூன்றையும் பார்த்துவிட்டு, ரேடியேட்டர் முகத்தில் ஒட்டியிருக்கும் பதரையும் தூசியையும் தட்டிவிடுங்கள். அறுவடைக்குப் போய் வந்த வண்டி நின்ற இடத்தில் சூடேறுவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். சேஞ்ச் ஓவர் நடுவிலும், எம்.சி.பி கீழேயும் இருக்கட்டும். கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று இரண்டு லீவர்களையும் ஆட்டிப் பாருங்கள். எஞ்சினைக் கிளப்பி ஐந்து நிமிடம் மெதுவாக ஓடவிட்ட பிறகு, கிளட்சை மிதித்து பி.டி.ஓவைப் போட்டு, கிளட்சை மெல்ல விடுங்கள். பழைய மாஸி வகை வண்டிகள் சிலவற்றில் பி.டி.ஓ லீவருக்கு இரண்டு பக்கம் உண்டு: ஒரு பக்கம் எஞ்சின் வேகத்தைப் பின்பற்றும், மறுபக்கம் சக்கரத்தின் வேகத்தைப் பின்பற்றும். நமக்கு வேண்டியது எஞ்சின் பக்கம். தவறிப் போட்டால் ஒன்றும் சுற்றாது; ஆல்டர்னேட்டர் கெட்டுவிட்டது என்று பதறுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

இப்போது கை ஆக்சிலேட்டரை மெல்லக் கூட்டுங்கள். கண் இருக்க வேண்டியது ஹெர்ட்ஸ் மீட்டரில். வோல்ட் மீட்டரை மட்டும் பார்த்து ஓட்டுவது ஏமாற்றும்; ஏ.வி.ஆர் (வோல்ட்டைத் தானே சீராக்கும் கருவி) வைத்த ஆல்டர்னேட்டர் வேகம் சற்றுக் குறைந்தாலும் வோல்ட்டைத் தாங்கிப் பிடித்துக் காட்டும். எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பழைய கவர்னர், சுமை ஏறும்போது வேகத்தைச் சிறிது விட்டுக்கொடுக்கும். அதனால் சுமையில்லாத நிலையில் 51.5 முதல் 52 ஹெர்ட்ஸ் வரை வையுங்கள். முழுச் சுமையில் 49, 50க்கு வந்து நிற்கும். 47க்குக் கீழே போனால் மோட்டார்கள் சூடேறும், அங்கே சுமையைக் குறைத்தாக வேண்டும். மேலே போவதும் நல்லதல்ல. பம்பு மோட்டார் எடுக்கும் வலு வேகத்தின் மூன்றாம் மடிக்கேற்ப உயர்வதால், 50 என்பது 53 ஆனாலே சுமை 19 சதவீதம் கூடிவிடும்.

வேகம் நிலைத்த பிறகு எம்.சி.பியை ஏற்றி, சேஞ்ச் ஓவரை ஜெனரேட்டர் பக்கம் தள்ளி, பெரிய மோட்டாரை முதலில் போடுங்கள். அது எழுந்த பிறகு ஃபிரிட்ஜ், கடைசியாக விளக்கும் டி.வியும். மூன்று ஃபேஸ் மோட்டார் முதல்முறை ஓடும்போது தண்ணீர் வரும் அளவைப் பாருங்கள். எங்கள் நீர்மூழ்கி மோட்டார் முதல் நாள் அரைமணி நேரம் ஓடியும் சிறுநீர்த் தாரைபோலத்தான் தண்ணீர் வந்தது. போர்வெல் வற்றிவிட்டதென்றே எண்ணி வீட்டில் எல்லோரும் வாடிப்போனோம். ஃபேஸ் வரிசை மாறி மோட்டார் பின்னோக்கிச் சுற்றியிருக்கிறது. எஞ்சினை அணைத்து, ஆல்டர்னேட்டர் பக்கம் இரண்டு ஃபேஸ் கம்பிகளை மாற்றி மாட்டியதும் சரியாயிற்று. மோட்டார் பக்கம் மாற்றியிருந்தால், மின்வாரிய மின்சாரம் வந்த நாளில் அதே கூத்து மறுபடி நடந்திருக்கும்.

இன்வெர்ட்டர் யு.பி.எஸ் சில, இந்த மின்சாரத்தை ஏற்காமல் பேட்டரியிலேயே நிற்கும். அலைவெண் ஆடுவதுதான் காரணம். முதல் சந்தேகம் பெல்ட் மீது இருக்கட்டும்: எஞ்சினை அணைத்துவிட்டு நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் அமுங்க வேண்டும். அடுத்த சந்தேகம் ஆக்சிலேட்டர் லீவர் மீது. அதன் பிடிப்பு தளர்ந்திருந்தால் எஞ்சின் அதிர்வில் தானே நழுவி இறங்கும். நாங்கள் ஆறு மாதம் ஒரு கயிற்றால் கட்டிவைத்துச் சமாளித்தோம். ஒரு ஸ்பிரிங் வாஷரை இறுக்கியிருந்தால் முதல் நாளே தீர்ந்திருக்கும்.

டீசல் கணக்கு: 5 கிலோவாட் சுமைக்கு மணிக்கு இரண்டரை முதல் மூன்று லிட்டர் வரை ஆகும். அதாவது ஒரு யூனிட்டுக்கு 0.5 முதல் 0.6 லிட்டர் வரை. ஆனால் நான்கு விளக்குக்காக 35 குதிரைத்திறன் எஞ்சினை இரவெல்லாம் ஓட்டினால் ஒரு யூனிட்டுக்கு ஆகும் டீசல் பல மடங்காகும்; மிகக் குறைந்த சுமையில் நெடுநேரம் ஓடும் எஞ்சினில் டீசல் முழுதாக எரியாமல் கரி படியும். ஒரு நாளில் மூன்று மணி நேரம் ஓட்டி, அதற்குள் தொட்டியை நிரப்பி, ஃபிரிட்ஜைக் குளிர வைத்து, யு.பி.எஸ் பேட்டரியை ஏற்றிக்கொள்வதே மேல்.

தொட்டியில் டீசல் தீரும்வரை விடாதீர்கள். எஞ்சின் திணறி அணையும் அந்தக் கடைசி அரை நிமிடத்தில் வோல்ட்டும் வேகமும் ஒன்றாக விழும். ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்ரஸர் எரிவது அப்போதுதான். பிறகு டீசல் லைனில் காற்று ஏறி, இருட்டில் ஸ்பேனரோடு ஏர் எடுத்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். டீசல் ஊற்றுவதும் எஞ்சினை நிறுத்தி ஆறவிட்ட பிறகுதான். நிறுத்தும்போது வரிசை தலைகீழ்: சுமைகளை ஒவ்வொன்றாக அணைத்து, எம்.சி.பியை இறக்கி, சேஞ்ச் ஓவரை நடுவுக்குக் கொண்டுவந்து, வேகத்தைக் குறைத்து, பி.டி.ஓவை விலக்கி, மூன்று நிமிடம் ஆறவிட்டு, ஸ்டாப் நாபை இழுங்கள்.

புயல் வராத மாதங்களில்

மாதம் ஒருமுறை அரைமணி நேரம் சுமையோடு ஓட்டுங்கள். சுமையில்லாமல் ஓட்டிவிட்டு நன்றாக இருக்கிறது என்று மூடிவைப்பதில் பொருளில்லை. நெடுநாள் கிடந்த ஆல்டர்னேட்டரில் எஞ்சிய காந்தம் வடிந்துபோய், எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் வோல்ட் எழாமல் இருப்பதுண்டு. 12 வோல்ட் பேட்டரியை நொடிநேரம் காட்டினால் எழுந்துவிடும் என்றாலும், ஏ.வி.ஆர் உள்ளதில் தெரியாமல் தொட்டால் அதுவே போய்விடும். விவரம் தெரிந்தவரிடம் விடுங்கள். ஐப்பசி மழைக்கு முன் ஒரு தடவை, 500 வோல்ட் மெக்கர் என்னும் அளவுக் கருவியால் சுருளின் காப்பை (இன்சுலேஷன்) பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மெகாஓமுக்குக் குறைந்தால் உலர்த்திய பிறகே ஓட்ட வேண்டும். ஏ.வி.ஆர் கம்பிகளைக் கழற்றிவிட்டுத்தான் மெக்கர் வைக்க வேண்டும் என்பதையும் நினைவூட்டுங்கள்.

காற்று போகும் துவாரங்களுக்குச் சிறுகண் கம்பிவலை அடித்துவிடுங்கள். அறுவடை முடிந்து வயலில் எலிக்கு இரை இல்லாத காலத்தில் அவை தேடி வரும் இதமான இடங்களில் ஆல்டர்னேட்டரின் வயிறும் ஒன்று. எங்களுடையதை ஒரு தையில் திறந்தபோது, ஒரு கை வைக்கோலும், எங்கள் வீட்டுக் கொடியிலிருந்து காணாமல் போயிருந்த ஒரு துணியின் பாதியும், கண் திறக்காத ஐந்து குட்டிகளும் உள்ளே இருந்தன.